நிழலின் அருமை லென்ஸுக்கும் தெரியும்

பழைய ரேஞ்ச்ஃபைண்டர் கேமராக்களைப் பற்றிச் சென்ற இதழில் எழுதினேன். அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கமிருந்து வந்த கடிதங்கள் பெரும்பாலும் ஒரே விஷயத்தைச் சுற்றி வந்தன: லென்ஸ் முகப்பில் எதை மாட்டுவது, எப்படி மாட்டுவது? மானாவாரிக் காட்டு வெயிலில் படம் எடுப்பவர்கள் கேட்க வேண்டிய கேள்விதான். இந்த இதழ் முழுக்க ஃபில்டருக்கும் ஹூடுக்கும்.

அண்ணாச்சி, ஹூட் முக்கியமா, ஃபில்டர் முக்கியமா? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்.
— அருப்புக்கோட்டை வாசகர்

ஹூட்.

வெயில் லென்ஸைச் சுடப்போவதில்லை. பிறகு அதற்கு எதற்குக் குடை?
— ரெட்டியபட்டி வாசகர்

புஞ்சைக்குப் போகிற வழியில் நின்று, தூரத்தில் வருவது யார் என்று பார்க்கிறீர்கள். கை தானாக நெற்றிக்குப் போகிறதே, ஏன்? பார்க்க வேண்டிய ஆள் எதிரே இருக்கிறார், வெயிலோ மேலிருந்து கண்ணுக்குள் புகுகிறது. லென்ஸுக்கும் அதே சங்கடம். படத்தில் இடம் பெறாத வெளிச்சமும் பக்கவாட்டில் லென்ஸுக்குள் நுழைகிறது. உள்ளே கண்ணாடிக்குக் கண்ணாடி பட்டுத் தெறித்து, கறுப்பாக விழ வேண்டிய இடத்தில் சாம்பல் பூசிவிடுகிறது.

பூச்சு இல்லாத கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பும் தன்மேல் படும் ஒளியில் சுமார் 4 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். ஜெர்மனியின் ஸைஸ் நிறுவனத்தில் அலெக்சாண்டர் ஸ்மக்குலா 1935-இல் ஒளி தெறிக்காத பூச்சைக் கண்டுபிடித்தார். அது பரவலாக வந்தது இரண்டாம் உலகப் போருக்குப் பிறகுதான். அதனால் லென்ஸுக்கு வயது ஏற ஏற ஹூடின் தேவையும் ஏறுகிறது. கரிசல் மண் படத்தில் கரிசலாகவே விழ வேண்டுமென்றால் லென்ஸுக்கு நிழல் கொடுங்கள்.

தாத்தா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த யாஷிகா எலக்ட்ரோ 35 பரணில் கிடைத்தது. வேலை செய்கிறது. என்ன அளவு ஃபில்டர் வாங்க வேண்டும், அண்ணே?
— பந்தல்குடி, கல்லூரி மாணவர்

தம்பி, உங்கள் தாத்தா நல்ல பொருள் கொண்டுவந்திருக்கிறார். 1966-இல் வெளிவந்த வரிசை அது. 45 மி.மீ. f/1.7 லென்ஸ். ஃபில்டர் 55 மி.மீ. மரை. இந்த அளவு இன்றும் எங்கும் கிடைக்கும். பழைய ஹூட் என்றால் 57 மி.மீ. என்று கேளுங்கள். அது மரையில் திருகுவதில்லை, லென்ஸ் விளிம்புக்கு வெளியே தொப்பி போலச் செருகுவது. உள்மரைக்கு ஒரு கணக்கு, வெளிவிளிம்புக்கு ஒரு கணக்கு. இரண்டையும் குழப்பிக்கொண்டு பணத்தை விட்டவர்கள் பலர்.

ஒன்றை மறக்காதீர்கள். இந்தக் கேமராவின் மீட்டர் கண் லென்ஸ் வளையத்துக்குள் இல்லை. மேலே வ்யூஃபைண்டர் ஜன்னலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. லென்ஸில் நீங்கள் ஃபில்டர் போட்டது அதற்குத் தெரியாது. நீங்கள்தான் சொல்ல வேண்டும். 400 ஃபிலிம் போட்டு மஞ்சள் ஃபில்டர் மாட்டினால் ஏ.எஸ்.ஏ. வளையத்தை 200-க்குத் திருப்புங்கள். ஆரஞ்சுக்கு 100. சிவப்புக்கு 50. ஃபில்டரைக் கழற்றியதும் மறுபடி 400.

என்னிடம் கேனோனெட் க்யூ.எல். 17. எனக்கும் அதே கணக்குதானா?
— பாளையம்பட்டி வாசகர்

இல்லை. 1972-இல் வந்த கேனோனெட் க்யூ.எல். 17 ஜி-III-இல் மீட்டர் கண் லென்ஸ் விளிம்புக்குள்ளேயே இருக்கிறது. 48 மி.மீ. ஃபில்டரைத் திருகினால் கண்ணும் சேர்ந்து மூடப்படும். லென்ஸ் பார்க்கிற வெளிச்சத்தைத்தான் அதுவும் பார்க்கிறது. ஏ.எஸ்.ஏ.வைத் தொடாதீர்கள். தொட்டால் ஒரே ஃபில்டருக்கு இரண்டு முறை கணக்குப் போட்டதாகி, படம் அளவுக்கு மீறி வெளுத்துவிடும்.

லென்ஸில் அளவு எதுவும் எழுதவில்லை. ஸ்கேல் வைத்து அளந்தேன், 40 மி.மீ. வந்தது. 40 ஃபில்டர் வாங்கினேன், தொளதொளவென்று நிற்காமல் விழுகிறது. எங்கே தவறு?
— திருச்சுழி வாசகர்

அளந்ததில் தவறில்லை, அளந்த இடத்தில்தான் தவறு. ஃபில்டரின் அளவு என்று பெட்டியில் போடுவது மரையின் மேட்டளவு. லென்ஸின் உள்வாயில் நீங்கள் ஸ்கேல் வைத்தது மரைப் பல்லின் முனைக்கு முனை. அது எப்போதும் குறைவாகவே காட்டும். 0.5 பிட்ச் மரையில் அரை மில்லிமீட்டருக்குச் சற்று மேலே குறையும். 0.75 பிட்சில் முக்காலுக்குச் சற்று மேலே குறையும்.

ஆக, உள்வாய் 40 காட்டினால் உங்கள் லென்ஸ் 40.5. ரஷ்ய ஜோர்கி கேமராக்களில் வந்த ஜூப்பிட்டர்-8 லென்ஸும், பழைய நிக்கோர் 50 மி.மீ. f/2 லென்ஸும் இந்த அளவுதான். உள்வாய் 39.5 காட்டியிருந்தால் அது 40. கேனனின் ரேஞ்ச்ஃபைண்டர் 50 மி.மீ. f/1.8 அந்த ரகம். 38.5 என்றால் 39, லைக்கா பல ஆண்டுகள் வைத்திருந்த அளவு. ஒலிம்பஸ் 35 ஆர்.சி. 43.5 கேட்கும்.

லேத் பட்டறையில் வெர்னியர் இருக்கும். லென்ஸைக் கொண்டுபோய் ஒரு முறை அளந்து, ஒரு சீட்டில் எழுதிக் கேமரா பையில் போட்டுவையுங்கள். அரை மில்லிமீட்டர் சின்ன விஷயம் அல்ல. மரை பிடிப்பதும் பிடிக்காததும் அதில்தான் இருக்கிறது.

லேத்தில் அடாப்டர் ரிங் கடைந்து வாங்கலாமா?
— அருப்புக்கோட்டை, விசைத்தறி மெக்கானிக்

தாராளமாக. 0.5 பிட்ச் மரை போட கியர் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். அளவைச் சீட்டில் எழுதிக் கொடுப்பதோடு நிறுத்தாதீர்கள். லென்ஸுக்குச் சரியாகப் பொருந்தும் ஏதாவது ஒரு பழைய ஃபில்டரையும் மாதிரியாகக் கொடுங்கள். பித்தளையில் செய்தால் நல்லது. அலுமினியத்தோடு அலுமினியம் சேர்ந்தால் கவ்விக்கொள்ளும், பித்தளை அவ்வளவாகக் கவ்வாது. முடிந்ததும் உள்பக்கம் மங்கலான கறுப்பு அடிக்க வேண்டும். பளபளக்கும் வளையம் ஒன்றை லென்ஸுக்கு முன்னால் வைத்தால் ஹூட் செய்த நன்மையெல்லாம் போய்விடும்.

ஒரு விதி: சின்ன மரையிலிருந்து பெரிய ஃபில்டருக்குப் போகலாம். பெரிய மரையிலிருந்து சின்ன ஃபில்டருக்கு இறங்கினால் படத்தின் நாலு மூலையும் கறுக்கும்.

ஃபில்டர் இறுகிப்போய் வர மறுக்கிறது. கட்டிங் பிளேயர் போடலாமா?
— காரியாபட்டி வாசகர்

கூடாது! பிளேயரைக் கீழே வையுங்கள்.

ஃபில்டர் வராததற்குக் காரணமே நாம் அதைப் பிடிக்கிற விதம்தான். இரண்டு விரலால் அழுத்திப் பிடித்தால் வட்ட வளையம் முட்டை வடிவமாகிறது. இரண்டு பக்கமும் மரை இன்னும் இறுகிக் கவ்வுகிறது. அழுத்தம் வட்டம் முழுக்கச் சமமாக விழ வேண்டும்.

போன மாதம் என்னிடம் வந்த ஒரு லென்ஸில் மஞ்சள் ஃபில்டர் பல வருடங்களாகக் கழற்றப்படாமல் இருந்தது. கழுவித் துடைத்த ஹவாய் செருப்பு ஒன்றை மேசைமேல் அடிப்பக்கம் மேலே தெரிய வைத்தேன். கேமராவைக் கவிழ்த்து, ஃபில்டரின் விளிம்பு முழுவதும் ரப்பரில் படியும்படி லேசாக அழுத்தினேன். செருப்பு நகராமல் ஒரு கை, கேமராவை மெல்லத் திருப்ப ஒரு கை. கேமராவின் முதுகுப்பக்கம் இருந்து பார்க்கும்போது கடிகார முள் சுற்றுகிற திசைக்கு எதிராகத் திருப்ப வேண்டும், அப்போதுதான் மரை இளகும். மூன்றாவது முயற்சியில் 'கிரீச்' என்று ஒரு சத்தம். மரையிலிருந்து பச்சை நிறக் களிம்பு உதிர்ந்தது. ஃபில்டர் வந்துவிட்டது, லென்ஸில் ஒரு கீறல் இல்லை.

செருப்பு உதவாவிட்டால் பழைய சைக்கிள் டியூபில் ஒரு பட்டை வெட்டி வளையத்தைச் சுற்றி மாட்டித் திருப்புங்கள். விளிம்பே நசுங்கியிருந்தால் உங்கள் கையில் எதுவும் இல்லை, ரிப்பேர்காரரிடம் கொடுங்கள். அவரிடம் விளிம்பை நிமிர்த்தும் கருவி இருக்கும்.

இனி இறுகாமல் இருக்க: ஃபில்டரை வைத்ததும் முதலில் கழற்றும் பக்கமாகத் திருப்புங்கள். 'டக்' என்று மரை தன் இடத்தில் விழும். அதன்பிறகு மாட்டும் பக்கம் திருப்புங்கள். பல் மாறி ஏறாது. வருடத்துக்கு ஒரு முறை மரையில் பென்சில் முனையைத் தேய்த்து, உதிர்ந்த தூளைத் தட்டிவிடுங்கள். எண்ணெய் வேண்டாம், அது கண்ணாடிக்கு வழிந்து போகும்.

கேமரா பெட்டியில் மரையே இல்லாத ஒரு மஞ்சள் கண்ணாடி வட்டம் இருக்கிறது. ஓரத்தில் 'சீரீஸ் VI' என்று எழுதியிருக்கிறது. இது எந்த லென்ஸுக்கு?
— மல்லாங்கிணறு வாசகர்

எந்த லென்ஸுக்கும். அதுதான் அதன் அழகு. ஒவ்வொரு கம்பெனியும் தனக்கென்று ஒரு விட்டம் வைத்திருந்த காலத்தில், ஃபில்டரை ஒரே அளவில் செய்து வளையத்தை மட்டும் லென்ஸுக்கு ஏற்ப மாற்றும் முறை ஒன்று இருந்தது. சீரீஸ் VI கண்ணாடியின் விட்டம் 41.3 மி.மீ. சீரீஸ் VII 50.8 மி.மீ., அதாவது இரண்டு அங்குலம். லென்ஸில் ஒரு அடாப்டர் வளையம், அதன்மேல் இந்தக் கண்ணாடி, அதை அழுத்திப் பிடிக்க ஒரு மூடி வளையம். பல நேரம் அந்த மூடி வளையமாக ஹூடே இருக்கும். பெட்டியை இன்னொரு முறை துழாவுங்கள். இரண்டு கறுப்பு வளையங்கள் கிடைத்தால் உங்களுக்கு ஃபில்டரும் ஹூடும் சேர்ந்தே கிடைத்த மாதிரி.

நாங்கள் ஸ்டுடியோ நடத்திய காலத்தில் ஊட்டி 'இந்து' ஃபிலிம், ஒரே ஒரு மஞ்சள் ஃபில்டர். இப்போது பிள்ளைகள் ஏழு நிறம் வாங்குகிறார்கள். தேவையா?
— அருப்புக்கோட்டை, முன்னாள் ஸ்டுடியோ உரிமையாளர்

ஐயா, உங்கள் ஒரு மஞ்சளுக்கு என் ஓட்டு. 1960-இல் உதகமண்டலத்தில் தொடங்கிய ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் தயாரித்த அந்தக் கறுப்பு வெள்ளைச் சுருளில் நம் ஊர்க் குடும்பங்கள் எத்தனையோ பதிந்திருக்கின்றன. அதே தொழிலைச் செய்த உங்கள் அனுபவம் பெரியது.

கறுப்பு வெள்ளை ஃபிலிமுக்கு நீலத்தின்மேல் நம் கண்ணைவிடப் பிரியம் அதிகம். அதனால் வானம் வெளுத்து, மேகம் அதில் கரைந்துவிடும். மஞ்சள் ஃபில்டர் அந்த நீலத்தைக் கொஞ்சம் தடுத்து, கண் பார்த்ததுபோல் ஆக்குகிறது. விலை ஒரு ஸ்டாப் வெளிச்சம் மட்டுமே. கோடாக்கின் ராட்டன் வரிசையில் இது 8-ஆம் எண். இரண்டாவதாக வாங்கினால் ஆரஞ்சு. சிவப்பு, பச்சை இரண்டும் என்ன செய்யும் என்று தெரிந்தபிறகு வாங்கலாம். அடுத்த கடிதத்தைப் பாருங்கள்.

களத்தில் வத்தல் காயப்போட்டிருந்ததைச் சிவப்பு ஃபில்டர் போட்டு எடுத்தேன். மிளகாயெல்லாம் வெள்ளையாக, நிலக்கடலை பரப்பியதுபோல் வந்திருக்கிறது. ஃபிலிம் கெட்டுவிட்டதா?
— நரிக்குடி வாசகி

ஃபிலிம் நன்றாக இருக்கிறது, தாயி. ஃபில்டர் தன் நிறத்தை வெளுக்க வைக்கும், எதிர் நிறத்தைக் கறுக்க வைக்கும். இந்த ஒரு வரிதான் பாடம் முழுவதும். சிவப்புக் கண்ணாடி வழியே மிளகாயின் சிவப்பு தடையின்றி வந்து ஃபிலிமை நிறைத்துவிட்டது. சுற்றியிருந்த பச்சையும் வானத்தின் நீலமும் இருண்டன. அதே களத்தில் பச்சை ஃபில்டர் போட்டிருந்தால் வத்தல் கறுகறுவென்று விழுந்து, காம்பு தனியாகத் தெரிந்திருக்கும். பச்சைக்கு இரண்டு ஸ்டாப் கூட்டுங்கள், சிவப்புக்கு மூன்று.

இதே வரியை மல்லிகைத் தோட்டத்தில் வைத்துப் பாருங்கள். இலை பச்சை, மொட்டு வெள்ளை. பச்சை ஃபில்டர் போட்டால் இலையும் வெளுத்து மொட்டு அதில் காணாமல் போகும். ஆரஞ்சு போட்டால் இலை இருண்டு, மொட்டு நட்சத்திரமாக நிற்கும். மல்லிக்கு ஒன்று, மிளகாய்க்கு ஒன்று. எதை எடுக்கப் போகிறோம் என்று முடிவு செய்துவிட்டு ஃபில்டரைத் தொடுங்கள்.

ஆட்களை எடுக்க எந்த நிறம்?
— பரளச்சி வாசகர்

மஞ்சள், அல்லது எதுவும் இல்லாமல். சிவப்பும் ஆரஞ்சும் தோலை வெளிறச் செய்யும். எழுபது வருஷம் காட்டு வேலை செய்த ஒரு முகத்தின் கறுப்பிலும் சுருக்கத்திலும்தான் அந்த வாழ்க்கை இருக்கிறது. அதைச் சலவை செய்ய நமக்கு உரிமை இல்லை.

மத்தியானம் எடுத்தால் யாஷிகாவில் சிவப்பு விளக்கு எரிகிறது. என்ன சொல்கிறது?
— பந்தல்குடி, அதே மாணவர்

'வெளிச்சம் அதிகம், என் ஷட்டருக்கு இதற்குமேல் வேகம் இல்லை' என்கிறது. அதன் உச்ச வேகம் நொடியில் 500-இல் ஒரு பங்கு. 400 ஃபிலிமுக்கு உச்சி வெயிலில் f/16-க்குத்தான் சரியாக வரும். அப்பர்ச்சரைத் திறக்க முடியாது. மஞ்சள் ஃபில்டர் போட்டு ஏ.எஸ்.ஏ.வை 200 ஆக்கினால் f/11 கிடைக்கும். ஆரஞ்சில் f/8. ஃபில்டர் வெளிச்சத்தைத் தின்னும் என்பது மலைக்காட்டில் குறை, நம் ஊரில் வசதி.

திருச்சுழிக்கு அடுத்த கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின் நிலையமே நிற்கிறது. நம் வெயிலின் பலத்துக்கு வேறு சாட்சி வேண்டாம். முடிந்தால் 100 ஃபிலிம் வாங்குங்கள்.

போலரைசர் வாங்கினேன். எவ்வளவு திருப்பினாலும் வ்யூஃபைண்டரில் எந்த மாற்றமும் தெரியவில்லை. போலியா?
— வீரசோழன் வாசகர்

நல்ல பொருளாகவே இருக்கும். ரேஞ்ச்ஃபைண்டரில் நீங்கள் பார்ப்பது லென்ஸ் வழியாக அல்ல, பக்கத்து ஜன்னல் வழியாக. ஃபில்டரை முதலில் கண்ணுக்கு முன்னால் பிடித்துத் திருப்புங்கள். வானம் நன்றாக இருண்டதும் வளையத்தின் உச்சியில் எந்தக் குறி நிற்கிறது என்று பாருங்கள். குறி இல்லாவிட்டால் வெள்ளை பெயின்ட்டில் ஒரு புள்ளி வையுங்கள். லென்ஸில் மாட்டி, அதே குறியை உச்சிக்குக் கொண்டுவாருங்கள். சூரியன் உங்கள் தோளுக்கு நேராக, பக்கவாட்டில் இருக்கும்போது பலன் அதிகம். முன்னாலோ பின்னாலோ இருந்தால் பலன் குறைவு. ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் கூட்டிக்கொள்ளுங்கள்.

ஹூட் மாட்டினால் வ்யூஃபைண்டரில் ஒரு மூலையை மறைக்கிறது. படத்திலும் மறைக்குமா?
— மண்டபசாலை வாசகர்

மறைக்காது. ஜன்னல் பார்ப்பது வேறு, லென்ஸ் பார்ப்பது வேறு. அந்தத் தொல்லைக்காகத்தான் பழைய ரேஞ்ச்ஃபைண்டர் ஹூடுகள் பலவற்றில் பக்கவாட்டில் ஜன்னல் வெட்டியிருப்பார்கள். அந்தத் துளை வழியே மறைந்த மூலை தெரியும்.

படத்தின் மூலை உண்மையில் வெட்டுப்படுகிறதா என்று பார்க்க ஒரு வழி. ஃபிலிம் இல்லாதபோது கேமராவின் பின்கதவைத் திறந்து, ஷட்டரை 'பி'-யில் வைத்து அழுத்திப் பிடியுங்கள். போக்கஸ் முடிவிலியில். ஃபிலிம் சட்டத்தின் ஒரு மூலையில் கண்ணை வைத்து லென்ஸ் வழியே வெளியே பாருங்கள். அப்பர்ச்சர் துளை முழுசாகத் தெரிந்தால் ஹூட் சரி. ஹூடின் விளிம்பு அதைக் கடித்தால் நீளம் அதிகம்.

கடையில் ஹூட் கிடைக்கவில்லை. வீட்டில் செய்ய முடியுமா?
— பந்தல்குடி வாசகி

முடியும். கறுப்பு சார்ட் அட்டை போதும். விரலுக்குத் தகுந்த வீக்கம் என்பார்களே, இங்கே லென்ஸுக்குத் தகுந்த விரிவு. 35 மி.மீ. ஃபிலிம் சட்டத்தின் மூலைவிட்டத்தில் பாதி 21.6 மி.மீ. அதை லென்ஸின் குவிய நீளத்தால் வகுத்தால் ஹூட் எவ்வளவு விரிய வேண்டும் என்று கிடைக்கும். 45 மி.மீ. லென்ஸுக்கு, ஒவ்வொரு 10 மி.மீ. நீளத்துக்கும் ஆரம் 5 மி.மீ. விரியட்டும். 50 மி.மீ. லென்ஸுக்கு நாலேகால் போதும். 35 மி.மீ. லென்ஸுக்கு ஆறேகால். 20 மி.மீ. நீளத்தில் தொடங்கி, மேலே சொன்னபடி பின்கதவு வழியே பார்த்து, கடித்தால் கத்தரியுங்கள்.

உள்பக்கம் பளபளப்பு கூடாது. கரும்பலகைக்கு அடிக்கிற வண்ணம் அடியுங்கள், அல்லது கறுப்பு வெல்வெட் துணி ஒட்டுங்கள். மழை பெய்த மறுநாள் உழுத கரிசல் எப்படி வெளிச்சத்தை விழுங்கிக்கொண்டு கிடக்கிறதோ, ஹூடின் உள்பக்கம் அப்படி இருக்க வேண்டும்.

ஹூட் இல்லாதபோது கையை வைத்து மறைத்தால் போதாதா?
— திருச்சுழி வாசகர்

அவசரத்துக்கு ஆகும், கவனம் வேண்டும். ஒரு மாலை குண்டாற்று மணலில் நின்றிருந்தேன். எதிர்வெயில். ஆட்டுக் கிடை திரும்பிக்கொண்டிருந்தது. குளம்படியில் கிளம்பிய புழுதி முழுக்கப் பொன். ஹூடை வீட்டில் வைத்துவிட்டு வந்ததால் இடது உள்ளங்கையை லென்ஸுக்கு மேலே பிடித்தேன். ஜன்னலில் பார்த்தபோது கை தெரியவில்லை. நான்கு படம் எடுத்தேன். கழுவிப் பார்த்தபோது முதல் இரண்டில் மேல் ஓரத்தில் விரல் நுனி. மூன்றாவதில் கையைச் சற்று உயர்த்தியிருந்ததால் வெயில் நுழைந்து ஆடுகளெல்லாம் சாம்பல். நான்காவது ஒன்றில்தான் ஆட்டின் முதுகு கறுப்பாகவும் புழுதி ஒளியாகவும் சரியாக நின்றது. சரியான ஹூட் இருந்திருந்தால் நான்கும் தேறியிருக்கும். உள்ளங்கையைவிட, உங்கள் நிழலிலோ பனைமரத்து நிழலிலோ லென்ஸ் இருக்கும்படி இரண்டடி நகர்ந்து நிற்பது நல்லது.

தறிக்கூடத்தில் எடுத்த படத்தில் டியூப் லைட் இரண்டாகத் தெரிகிறது. ஒன்று தலைகீழாக மிதக்கிறது.
— அருப்புக்கோட்டை, நெசவாளர் வீட்டுப் பிள்ளை

யூ.வி. ஃபில்டரைக் கழற்றாமல் எடுத்திருக்கிறீர்கள். லென்ஸில் பட்டுத் திரும்பிய விளக்கொளி ஃபில்டரின் தட்டைக் கண்ணாடியில் மோதி மறுபடி உள்ளே வந்துவிட்டது. விளக்கு, தீபம், சூரியன் எது நேராகச் சட்டத்துக்குள் வந்தாலும் ஃபில்டரைக் கழற்றுங்கள். ஹூட் இருக்கட்டும்.

அப்படியானால் புழுதிக்காக யூ.வி. போடவே வேண்டாமா?
— பெருநாழி வாசகர்

ஆடிக்காற்றில் போடுங்கள். மணல் என்பது குவார்ட்ஸ், கண்ணாடியைவிடக் கடினமானது. கீறல் ஃபில்டரில் விழட்டும். காற்று அடங்கியதும் கழற்றுங்கள். துடைக்கும்போது முதலில் ஊதல் பந்து, பிறகு தூரிகை, கடைசியில்தான் துணி. வேட்டி நுனியால் துடைத்தால் மணலை வைத்து லென்ஸைத் தேய்ப்பதாகும்.

கலர் ஃபிலிமில் மஞ்சள் ஃபில்டர்?
— காரியாபட்டி வாசகர்

எல்லோருக்கும் மஞ்சள் காமாலை வந்ததுபோல் இருக்கும். வேண்டாம்.

ரமணர் பிறந்த ஊர் எங்கள் ஊர். அவருடைய கடைசி நாட்களை ஒரு வெளிநாட்டுக்காரர் இந்த வகைக் கேமராவில்தான் எடுத்தார் என்கிறார்களே, உண்மையா?
— திருச்சுழி வாசகி

உண்மை. 1879 டிசம்பர் 30 அன்று திருச்சுழியில் வேங்கடராமனாகப் பிறந்தவர், 1950 ஏப்ரல் 14 இரவு 8.47-க்குத் திருவண்ணாமலையில் மறைந்தார். அந்த நாட்களில் ஆசிரமத்தில் இருந்தவர் பிரெஞ்சுப் புகைப்படக்காரர் ஹென்றி கார்த்தியே-ப்ரெஸ்ஸோன். அவர் கையில் இருந்தது லைக்கா, ரேஞ்ச்ஃபைண்டர் கேமரா. அவருக்குப் பிடித்தது 50 மி.மீ. லென்ஸ். ஃபிளாஷ் போடுவதை அவர் மரியாதைக் குறைவாகவே நினைத்தார். இருக்கிற வெளிச்சத்தில், இருக்கிற இடத்தில், ஆளைத் தொந்தரவு செய்யாமல் எடுப்பது அவர் வழி. சின்னக் கேமரா, சத்தமில்லாத ஷட்டர் அதற்கு உதவின. பூமிநாதர் கோயிலுக்கோ தெருவுக்கோ கேமராவோடு போகும்போது இந்தப் பாடத்தை எடுத்துப்போங்கள். அனுமதி கேளுங்கள், ஃபிளாஷ் வேண்டாம்.

பழைய லைக்கா எல்மார் லென்ஸை அடாப்டர் போட்டு டிஜிட்டல் மிரர்லெஸ்ஸில் மாட்டியிருக்கிறேன். ஃபில்டரைக் கணினியில் போட்டுக்கொள்ளலாம் அல்லவா?
— மதுரையில் வசிக்கும் அருப்புக்கோட்டைக்காரர்

மஞ்சள், சிவப்பு எல்லாம் கணினியில் போட்டுக்கொள்ளலாம். லென்ஸுக்குள் சிதறிக் கறுப்பைக் கரைத்த வெளிச்சத்தைத் திரும்ப எடுக்க எந்தக் கணினியாலும் ஆகாது. அதனால் ஹூட் அவசியம். 50 மி.மீ. f/3.5 எல்மாரின் முகப்பு வெளிவட்டம் 36 மி.மீ., செருகி மாட்டும் வகை. அப்பர்ச்சர் நெம்பு லென்ஸின் முகத்திலேயே இருப்பதால், முதலில் அப்பர்ச்சரை வைத்துவிட்டு அதன்பிறகு ஹூட். இன்னொன்று: உள்ளே மடங்கும் லென்ஸ் அது. மிரர்லெஸ் உடலில் மடக்காதீர்கள், பின்முனை எதில் இடிக்கும் என்று தெரியாது.

லென்ஸ் மூடியைக் கழற்ற மறந்து ஒரு ரோல் போச்சு.
— பாளையம்பட்டி வாசகர்

ரேஞ்ச்ஃபைண்டரில் மூடி போட்டிருந்தாலும் ஜன்னலில் ஊர் பளிச்சென்று தெரியும். வெளியே கிளம்பும்போது மூடியைச் சட்டைப் பையில் போட்டுவிட்டு ஹூடை மாட்டுங்கள். இடிபாட்டிலிருந்தும் அது லென்ஸைக் காக்கும்.

நம் ஊர் வறண்ட ஊர். பூஞ்சை பயம் இல்லை அல்லவா?
— ரெட்டியபட்டி வாசகர்

ஐப்பசி, கார்த்திகை மழையில் தோல் உறை ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும். அதற்குள் மூடி வைத்த லென்ஸில், ஃபில்டருக்கும் கண்ணாடிக்கும் நடுவே, சிலந்தி வலைபோல் பூஞ்சை ஓடும். ஃபில்டரைக் கழற்றி, தோல் உறையை விட்டு வெளியே எடுத்து, சிலிகா ஜெல் போட்ட டப்பாவில் வையுங்கள். கேமராவுக்கு நல்ல வைத்தியம், மாதம் ஒரு முறை அதை வெளியே கொண்டுபோய்ப் படம் எடுப்பது.

கைப்பேசி இருக்கும்போது இந்த மரை, வளையம், அட்டை எல்லாம் எதற்கு?
— அருப்புக்கோட்டை வாசகர்

கைப்பேசியில் எடுங்கள், தவறே இல்லை. இந்தப் பழைய லென்ஸ் உங்களிடம் கேட்பது நிதானம். எந்த நிறம் இருள வேண்டும், எது வெளுக்க வேண்டும், வெயில் எந்தப் பக்கம் என்று நின்று யோசித்துவிட்டு அழுத்துகிற படத்தில், எடுத்தவரின் பார்வை பதிகிறது. பருத்தியும் கம்பும் குதிரைவாலியும் விளைகிற இந்த நிலத்தை, தண்ணீர் வற்றிய கண்மாயை, பக்கத்து வீட்டுத் தறியை அப்படிப் பார்க்க இன்னும் நிறையப் பேர் வேண்டும்.

பரணில் கேமரா வைத்திருக்கிற ஒவ்வொருவருக்கும் ஒரு வேண்டுகோள். இந்த வாரம் அதை இறக்குங்கள். லென்ஸின் உள்வாயை வெர்னியரில் அளந்து சீட்டில் எழுதுங்கள். ஒரு ஹூட் வாங்குங்கள், கிடைக்காவிட்டால் அட்டையில் செய்யுங்கள். ஒரு மஞ்சள் ஃபில்டர், ஒரு ரோல் கறுப்பு வெள்ளை. 36 படத்தையும் உங்கள் ஊர் எல்லைக்குள்ளேயே எடுத்து முடித்துவிட்டு, அடுத்த கேள்வியை எழுதுங்கள்.